சாஸ்தா சொல்லாத ஒன்பது சுற்று

முத்துவடிவுக்குப் பிள்ளை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. தென்காசியில் மொட்டைக் கோபுரத்துக்குத் தெற்கே இருந்த அந்தத் தெருவில் அவளைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அவள் வைக்கிற சொதியின் ருசி, வாசலில் போடுகிற கோலம், வேளை தப்பி வந்தவருக்கும் முகம் சுளிக்காமல் இலை போடுகிற குணம், எல்லாம் அதற்குப் பிறகுதான். "பாவம், ஒரு கொறையும் கெடையாது, அது ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக் கதைக்குப் போய்விடுவார்கள். பதினைந்து வயதில் குத்துக்கல்வலசையிலிருந்து வண்டி ஏறி வந்தவளை முப்பத்தெட்டு வயது வரைக்கும் அந்த 'அது ஒண்ணுதான்' விடாமல் பின்தொடர்ந்தது.

புருஷன் வல்லிநாயகம் தாலுகா கச்சேரியில் குமாஸ்தா. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று பயப்படுகிற ஜாதி. கல்யாணமான பத்து வருஷம் அவர்கள் போகாத கோயில் இல்லை, அவள் தின்னாத லேகியம் இல்லை. பிறகு ஒரு நாள் அவரேதான் சொன்னார். "போதும் வடிவு. இனிமே இதுக்காக எங்கயும் போக வேண்டாம்." அவள் அடுக்களைக்குப் போய் அழுதாள். துக்கத்தில் இல்லை, விட்டது தொல்லை என்றுதான். அன்றோடு அந்த வீட்டில் அந்தப் பேச்சு நின்றது. மத்தியானம் சாப்பிட வரும்போது அவளுக்கு ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி வருவார். ராத்திரி கதவை அடைத்தால் இரண்டு பேருக்கும் நல்ல தூக்கம் வரும். அவ்வளவு நிம்மதியை ஒரு மரக்குதிரைக்காக அவள் கெடுத்துக்கொண்டாள்.

குற்றாலத்தில் சீசன் ஆரம்பித்துச் சாரல் விழுந்தால் அகமது கபீரின் குடை ராட்டினம் வந்து இறங்கிவிடும். பேரருவிக்குப் போகிற வழியில், கடைகளைத் தாண்டி ஒரு மேட்டில் நடுக்கம்பத்தை நட்டு, மேலே தார்ப்பாயைக் குடைபோல் விரித்து, கீழே ஆறு குதிரைகளைத் தொங்கவிட்டிருப்பார். இரண்டு ஆட்கள் உள்ளே நின்று தள்ளுவார்கள். குதிரைகளுக்கு வருஷா வருஷம் புதுப் பெயிண்ட் அடிப்பதால் கண்கள் மட்டும் பெரிசாகிக்கொண்டே போயின.

முத்துவடிவு சின்னப் பிள்ளையாக இருந்தபோது அண்ணன்மார் இரண்டு பேரும் இப்படி ஒன்றில் ஏறியதைக் கீழே நின்று பார்த்திருக்கிறாள். பொட்டப்பிள்ளை குதிரையில் கால் போட்டு உட்காரக் கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். முதன்முதலாக அவள் ஏறியது ஐம்பத்தைந்தாம் வருஷம், முப்பத்தைந்து வயதில். பக்கத்து வீட்டுச் சங்கரம்மாளுக்கு மூன்று பிள்ளைகள். மூன்றாவது பெண் குழலிக்கு அப்போது மூன்று வயது. குதிரை வேண்டும் என்று அழுதாள், ஏற்றிவிட்டால் பயத்தில் அழுதாள். "மதினி, நீங்க கொஞ்சம் மடியில வச்சு உக்காருங்களேன், எனக்குத் தல சுத்தும்" என்றாள் சங்கரம்மாள். முத்துவடிவு உட்கார்ந்தாள். ஆட்கள் தள்ளினார்கள். சாரல் முகத்தில் அடித்தது, கடைகளும் மலையும் ஜனமும் சுற்றிக்கொண்டு போயின. அடிவயிற்றில் ஏதோ ஒன்று கூச்சமாகக் கிளம்பி மேலே வந்து சிரிப்பாக வெளியே விழுந்தது. குழலியைவிட அவள்தான் அதிகம் சிரித்தாள்.

அடுத்த இரண்டு வருஷமும் சீசன் வந்தால் குழலியை இடுப்பில் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். தெருவே நெகிழ்ந்து போயிற்று. அடுத்தவள் பிள்ளை மேல் என்ன பாசம் பார் என்றார்கள். பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் மடியில் பாசமும் மனசில் குதிரையுமாக இருந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். இதில் ஒரு வேடிக்கையைச் சொல்ல வேண்டும். அதே ராட்டினத்தில், முறுக்கிய மீசையோடு புளியங்குடி கமிஷன் மண்டி முதலாளிகள் எல்லாம் பிள்ளை பயப்படுகிறது என்று சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்து பல்லைக் காட்டிக்கொண்டு சுற்றுவார்கள். யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. பிள்ளை இருப்பவனுக்குப் பிள்ளைத்தனம் உரிமை, இல்லாதவளுக்கு அது கோளாறு. இப்படித்தான் ஊர் கணக்குப் போட்டு வைத்திருந்தது.

ஐம்பத்தெட்டில் குழலிக்கு ஆறு வயது. "நீங்க வேண்டாம் அத்தை, நான் பெரிய பிள்ளை" என்று சொல்லித் தனியாக ஏறிக்கொண்டாள். முத்துவடிவு கீழே நின்றாள். சங்கரம்மாளின் கடைக்குட்டி அப்போதுதான் தொட்டிலில் கிடந்தது. அது குதிரை ஏற இன்னும் மூன்று வருஷம் ஆகும். மூன்று வருஷமா என்று நினைத்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

அந்த ஆனி மாதம் ஒரு நாள் தெருப் பெண்கள் ஆறேழு பேர் அருவிக்குக் குளிக்கப் போனார்கள். குளிருது என்று சொல்லி முத்துவடிவு மட்டும் முதலில் கரையேறினாள். நேரே மேட்டுக்குப் போனாள். ராட்டினத்தில் இரண்டு பிள்ளைகள்தான் இருந்தன. கபீரிடம் தயங்கித் தயங்கி, "பாய், பெரியவங்க தனியா ஏறலாமா?" என்று கேட்டாள்.

"குதிரைக்கு வயசு தெரியாது ஆச்சி. கனம்தான் தெரியும். நீங்க ஒண்ணும் கனம் இல்ல, ஏறுங்க."

ஏறினாள். நாலாவது சுற்றில் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தபோது, ஈரத் தலையோடு அவளைத் தேடி வந்த சங்கரம்மாள் எதிரே நின்றாள். சுற்று முடிகிற வரை நின்றுகொண்டே இருந்தாள். ராட்டினம் நின்றதும் அவள் முதலில் பார்த்தது முத்துவடிவின் மடியை.

"யார் பிள்ளைய வச்சிருக்கிய மதினி?"

மடியில் ஒருவரும் இல்லை. ஆசையாக இருந்தது, ஏறினேன் என்று சொன்னால் முடிந்துபோகிற காரியம். அது வாயில் வரவில்லை. பிள்ளை பெறாதவள் பிள்ளைகள் ஏறுகிற குதிரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள், புத்தி பேதலித்துவிட்டது என்று இருட்டுவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம்தான் வந்தது. பயத்தில் வாய் தானாகப் பேசியது.

"சாஸ்தா கனவுல வந்தாரு. எங்குதிரையில ஏறி ஒம்பது சுத்து சுத்துனா மடி நெறையும்னாரு."

அந்தப் பக்கத்தில் குலசாமியாகச் சாஸ்தா இல்லாத குடும்பம் கிடையாது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சாஸ்தா, ஒவ்வொரு சாஸ்தாவுக்கும் ஒரு குதிரை. சங்கரம்மாளின் முகம் மாறிவிட்டது. ஈரக் கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இத ஏன் மறைச்சிய? இப்படித் தனியா வந்து விளையாட்டா செய்யலாமா? சிரிச்சுக்கிட்டு வேற இருந்திய" என்று கோபித்தாள். தென்காசிக்குப் பஸ் திரும்புவதற்குள் நேர்ச்சைக்கு முறை வகுக்கப்பட்டுவிட்டது. ஒன்பது வாரம், சனிக்கிழமை, ஒன்பது சுற்று. அருவியில் முங்கிவிட்டு ஈரச் சேலையோடு ஏற வேண்டும். பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. சாமி குதிரையில் சிரிக்கவே கூடாது. அத்தனையும் சங்கரம்மாள் சொன்னதுதான். முத்துவடிவு சொன்னது ஒரே ஒரு பொய்.

அது புருஷன் காதுக்குப் போகாமல் இருக்க வேண்டுமே என்று அவள் வேண்டிக்கொண்டது எந்தச் சாமிக்கும் கேட்கவில்லை. வல்லிநாயகம் கச்சேரியிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றாமல் அடுக்களை வாசலில் நின்றார்.

"நெசமா வடிவு?"

அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள்.

"எந்தச் சாஸ்தா? நம்ம சாஸ்தாவா?"

"நம்ம சாஸ்தாதான்."

இப்போது பொய் இரண்டாகிவிட்டது. அவர் கால் கழுவி, திருநீறு பூசி, மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்துக்குக் கீழே வைத்தார். முடிச்சு அவிழ்ந்துவிடாமல் இன்னொரு தடவை இறுக்கினார். பதிமூன்று வருஷமாக அவர் மூடி வைத்திருந்த ஒன்றைத் தான் திறந்துவிட்டோம் என்று அப்போதுதான் அவளுக்குப் பிடிபட்டது. நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். நாளைக்கு அவர் பூவோடு தாழம்பூக் குங்குமமும் வாங்கி வந்தார். அதற்கு மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தாள்.

சனிக்கிழமை தோறும் கச்சேரியில் மத்தியானத்துக்கு மேல் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு அவரும் கூட வந்தார். தலைமைக் குமாஸ்தாவிடம் தலையைச் சொறிந்து பழக்கமில்லாத மனிதர், இதற்காகச் சொறிந்தார். அவள் ஈரச் சேலையோடு குதிரையில் உட்கார்வாள். அவர் கம்பத்துக்கு எதிரே நின்று விரல் விட்டு எண்ணுவார். சங்கரம்மாளும் இன்னும் இரண்டு பேரும் காவலுக்கு நிற்பார்கள். சாரல் அதே சாரல்தான், மலை அதே மலைதான். ஆனால் சிரிப்பு கிளம்பினால் அவள் உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. நாலாவது வாரத்திலிருந்து கடிக்கவும் தேவைப்படவில்லை, சிரிப்பே வரவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் அவர் முகம் எதிரே வந்தது. மடங்குகிற விரல் வந்தது. 

கபீர் ஒரு தடவை குதிரையைப் பிடித்து நிறுத்துகிற சாக்கில் கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு அவ்வளவு சிரிச்சிய ஆச்சி. இப்ப ஏன் மருந்து குடிக்கிற மாதிரி இருக்கிய?" இவர் எங்கே புருஷனிடம் வாயைத் திறந்துவிடுவாரோ என்று அவளுக்கு அந்த வாரம் முழுக்கப் பயம்.

மூன்றாவது வாரம் அவள் பின்கட்டு அறையில் ஒதுங்க வேண்டி வந்தது. திங்களில் ஒதுங்கி வியாழனில் தலை குளித்துவிட்டதால் சனிக்கிழமைக்குக் குந்தகம் வரவில்லை. மூன்று நாள் ஒதுங்குவது தெருவுக்கே தெரிகிற சங்கதி, அதை மறைக்க வழி இல்லை. வல்லிநாயகம் முகம் வாடவில்லை. "இன்னும் ஆறு வாரம் கெடக்குல்லா" என்றார். அது அவள் கேட்காத ஆறுதல்.

ஆறாவது வாரம் அவருடைய டிரங்குப் பெட்டியில் வேட்டியை அடுக்கும்போது அடியில் செய்தித்தாள் சுற்றிய ஒரு பொட்டலம் கையில் தட்டியது. எடுத்தபோது உள்ளே கலகலவென்றது. குற்றாலம் கடைகளில் விற்கிற அரக்குச் சாயம் பூசிய கிலுகிலுப்பை. சிவப்பும் மஞ்சளும். அவள் முங்கிவிட்டு வருகிற நேரத்தில் யாருக்கும் தெரியாமல் வாங்கியிருக்கிறார், நாற்பத்தாறு வயதில், கச்சேரிப் பையில் ஒளித்துக் கொண்டுவந்திருக்கிறார். அவள் அது சத்தம் போடாமல் இருக்க இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சொல்லித்தான் ஆக வேண்டும், இந்த மனிதரிடம் இனிமேல் எப்படிச் சொல்வது, இந்த இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் அடுப்பில் இருந்த குழம்பு அடிப்பிடித்தது.

இதற்கு மேல்தான் உபத்திரவமே. ஏழாவது வாரத்தில் ஒதுங்க வேண்டியவள் ஒதுங்கவில்லை. இரண்டு நாள் தள்ளியது, நாலு நாள் ஆயிற்று, எட்டு நாள் ஆயிற்று. சங்கரம்மாள் கொல்லைச் சுவர் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுக் கண்ணால் கேட்டாள். வல்லிநாயகம் தண்ணீர்க் குடத்தை அவளைத் தூக்க விடவில்லை. முத்துவடிவுக்கே சபலம் தட்டிவிட்டது. ஒருவேளை சாஸ்தா பொய்யையும் கேட்டுக்கொண்டாரோ? குதிரையில் உட்கார்ந்தபோது வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டாள். தான் இட்டுக்கட்டியதைத் தானே நம்புகிற அளவுக்கு அவளுக்கும் உள்ளே ஆசை மிச்சம் இருந்திருக்கிறது. அது தெரிந்தபோதுதான் அவள் ரொம்பவும் பயந்தாள்.

ஒன்பதாவது சனிக்கிழமை காலையில் தீட்டு வந்துவிட்டது.

பின்கட்டு அறையில் பாயைப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வல்லிநாயகம் குளித்துவிட்டு வந்து வீட்டில் அவளைத் தேடிப் பார்த்து, பின்கட்டு நடை வரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். 

"சரி" என்றார் கடைசியில். "ஒம்பதாவது வாரம்தான விட்டுப்போச்சு. அடுத்த சனிக்கெழம முடிச்சிருவோம். முழுசா முடிக்காம என்னத்தச் சொல்ல முடியும்?"

அந்தக் குரலில் இருந்த தைரியம்தான் அவளை உடைத்தது. அவர் அழுதிருந்தால் கூட இன்னும் ஒரு வாரம் பொய்யை இழுத்திருப்பாள்.

"சாஸ்தா ஒண்ணும் சொல்லல."

"என்ன?"

"கனவும் வரல. சங்கரம்மா பாத்துட்டா. பயத்துல சொல்லிட்டேன்."

"பின்ன எதுக்குக் குதிரையில ஏறுன?"

"நல்லாருக்கும்ங்க." அவள் சுவரைப் பார்த்தே சொன்னாள். "சுத்தும்போது நல்லாருக்கும். வேற ஒண்ணும் இல்ல. பிள்ளைக்காக இல்ல. எனக்காகத்தான் ஏறுனேன்."

திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை.  பிறகு சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் சாப்பிடாமல் கச்சேரிக்குப் போயிருந்தார்.

அந்த மூன்று நாளும் அவர் அவளோடு பேசவில்லை. கோபமாக இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் கூடத் தேவலை என்று இருந்தது. சோற்றை நடையில் கொண்டுவந்து வைப்பார், போய்விடுவார். ஒரு தடவை டிரங்குப் பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. கலகலவென்று ஒரு சத்தம், உடனே நின்றுவிட்டது. அவள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டாள். பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் தன்னை அந்தத் தொல்லையிலிருந்து விடுவித்தார், தான் அவரை அதற்குள்ளேயே திரும்பத் தள்ளிவிட்டோம், இனி அந்த மனிதர் தன் முகத்தைப் பார்க்கவே போவதில்லை என்று முடிவு கட்டிவிட்டாள்.

நாலாம் நாள் தலை குளித்துவிட்டு அவள் ஈரத் தலையோடு வாசலுக்கு வந்தபோது அவர் பக்கத்து வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார். கையில் அந்தப் பொட்டலம். செய்தித்தாளைப் பிரித்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கிலுகிலுப்பையைத் தெருவே பார்க்கிற மாதிரி பிடித்துக்கொண்டு சங்கரம்மாள் வீட்டுக்குள் போனார். உள்ளே தொட்டிலில் கிடந்த கடைக்குட்டியிடம் அது கலகலத்தது. திரும்பி வந்து, அவளைத் தாண்டி உள்ளே போகும்போது, "காப்பி போடு" என்றார். நாலு நாளில் முதல் வார்த்தை. அவள் போட்டாள். சர்க்கரை போட மறந்துவிட்டாள், அவரும் கேட்காமல் குடித்தார்.

சனிக்கிழமை மத்தியானம் கச்சேரியிலிருந்து வந்தார். "கெளம்பு."

"எங்க?"

"குத்தாலத்துக்குத்தான்."

எதற்கு என்று கேட்க அவளுக்குப் பயமாக இருந்தது. எல்லார் முன்னாலும் வைத்து உண்மையைச் சொல்லவைக்கப் போகிறாரா? பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அருவிக்குப் போகாமல் நேரே மேட்டுக்கு நடந்தார். சங்கரம்மாள் காவலுக்கு முன்கூட்டியே வந்து நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன அண்ணாச்சி, மதினி சேல நனையலியே. போன வாரம் வேற விட்டுப்போச்சு. வாரம் தப்புனா மொதல்ல இருந்து ஒம்பது வாரம் புடிக்கணும், அதான் மொற."

 வல்லிநாயகம் செருமினார். பத்துப் பேர் நிற்கிற இடத்தில் அவர் பேசி யாரும் கேட்டதில்லை.

"நேர்ச்சையும் கெடையாது, கனவும் கெடையாதும்மா. அவளுக்குக் குதிரையில சுத்துனாப் புடிக்கும். ஏறுதா. அவ்வளவுதான்."

 அவர் கபீரிடம் காசைக் கொடுத்தார். முத்துவடிவின் கையிலிருந்த குடையையும் செருப்பையும் வாங்கிக்கொண்டார். அவள் ஏறினாள்.

ராட்டினம் சுற்றியது. முதல் சுற்றில் அவர் எதிரே வந்தார். ஒரு கையில் குடை, ஒரு கையில் செருப்பு, எண்ணுவதற்கு விரல் இல்லை. இரண்டாவது சுற்றில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பி நின்றார். தோள் குலுங்கியது. அவர் அழுகிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. இறங்கிவிட வேண்டும் போல் இருந்தது. குதிரை பாட்டுக்கு அவளைத் தூக்கிக்கொண்டு போயிற்று. மூன்றாவது சுற்றிலும் முதுகுதான். நாலாவது சுற்று வருவதற்குள் கம்பியைப் பிடித்திருந்த அவள் கை மரத்துவிட்டது.

அப்போது அவர் திரும்பியிருந்தார். கண் சிவந்துதான் இருந்தது. அவளையே பார்த்தார். அவள் முகம் எப்படி இருந்ததோ, செருப்புப் பிடித்த கையைத் தூக்கி, போ போ என்பது போல் ஆட்டினார். கச்சேரிக் குமாஸ்தா ஜனத்துக்கு நடுவில் பெண்டாட்டியின் செருப்பை ஆட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்ததும் அவளுக்கு அடிவயிற்றிலிருந்து அது கிளம்பிவிட்டது. இத்தனை வாரம் கடித்து வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது. கண்ணில் தண்ணீர் ஓட ஓடச் சிரித்தாள்.

ராட்டினம் நின்றது. அவள் இறங்கப் போனாள். வல்லிநாயகம் கிட்டே வந்து குதிரையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எறங்காத. இன்னொரு தடவ போயிட்டு வா. நான் இங்கனதான் நிக்கேன்."